டெஸ்ட் கிட் நிறத்தை போன் கேமராவில் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் வேறு எண் வருது – உதவி தேவை

குட்டித்தொட்டி (கேள்வி)

வணக்கம். நன்னீர் மீன் தொட்டி, சொட்டு விட்டுப் பார்க்கும் டெஸ்ட் கிட் (டியூபில் எடுத்த தொட்டித் தண்ணீரில் சொட்டு விட்டு, வரும் நிறத்தை அச்சடித்த நிறக் கார்டோடு ஒப்பிடுவது). எனக்குச் சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு உண்டு. நைட்ரேட் கார்டில் 10 முதல் 40 வரைக்கும் உள்ள கட்டங்கள் என் கண்ணுக்கு ஒன்றுதான். அம்மோனியாவில் மஞ்சள் எங்கே முடிகிறது, இளம்பச்சை எங்கே தொடங்குகிறது என்பதும் பிடிபடுவதில்லை.

அதனால் டியூபை போனில் படம் எடுத்து, நிறம் சொல்லும் ஆப்பில் தொட்டு ஆர்ஜிபி எண்ணை (சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் எவ்வளவு என்று 0 முதல் 255 வரை சொல்வது) எடுக்கிறேன். கார்டைத் தனியாக முன்பே படம் எடுத்து அதன் எண்களைக் குறித்து வைத்திருக்கிறேன். இரண்டையும் ஒப்பிட்டால் விடை வந்துவிடும் என்று கணக்கு.

வரவில்லை. ஒரே டியூப், ஜன்னலோரம் எடுத்தால் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) பக்கம் நிற்கிறது, தொட்டி விளக்குக்குக் கீழே எடுத்தால் 40. கேமராவைக் கிட்டே கொண்டுபோனால் திரையிலேயே நிறம் மாறுவது எனக்கே தெரிகிறது. கிட் போயிடுச்சா, போன் சரியில்லையா? "வேற யாரையாவது பார்க்கச் சொல்லுங்க" என்ற பதில் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.

நீர்ப்பாசி

மீன் எப்படி இருக்கு? மேல வந்து வாய் பிளந்துகிட்டு இருந்தா டெஸ்டை ஓரமா வெச்சிட்டு முதல்ல தண்ணியை மாத்துங்க.

மீன் நல்லா இருக்குன்னா, கிட்டை முதல்ல சந்தேகப்படுங்க. ஒரே தண்ணியை ரெண்டு டியூப்ல எடுத்து, ஒரே நேரத்துல சொட்டு விட்டு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரே படமா எடுங்க. எண் ஒத்துப்போச்சுன்னா கிட் பக்கம் பெருசா குறை இல்லை. நைட்ரேட்டோட ரெண்டாவது பாட்டில்ல சத்து அடியில தங்கிடும். அதை நல்லா அடிச்சுக் குலுக்காம சொட்டு விட்டா எப்பவும் குறைச்சுத்தான் காட்டும்.

குட்டித்தொட்டி

மீன்கள் சுறுசுறுப்பாக இருக்கின்றன, சாப்பிடுகின்றன. குலுக்குவதை வழிமுறையில் சொன்னபடிதான் செய்கிறேன். இரண்டு டியூபும் ஒரே படத்தில் ஏறக்குறைய ஒரே எண். அப்போது போன்தானா அண்ணா?

ஒளிப்பெட்டி

போனைக் குறை சொல்ல முடியாது. அழகான படம் எடுக்கத்தான் அதைச் செய்திருக்கிறார்கள், அளவெடுக்க இல்லை.

ஆட்டோ வொயிட் பேலன்ஸ், படத்தில் எது வெள்ளையாக இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறது. டியூப் திரையை நிறைத்துவிட்டால் கேமராவுக்கு ஆரஞ்சு மட்டும்தான் தெரியும். "மஞ்சள் விளக்கு போலிருக்கிறது" என்று முடிவுகட்டி மொத்தப் படத்தையும் நீலத்தின் பக்கம் தள்ளிவிடும். ஆரஞ்சு வெளிறும். நீங்கள் கிட்டே போனதும் நிறம் மாறியது இதனால்தான். இதற்கு மேல் எக்ஸ்போஷர் (எவ்வளவு ஒளியை உள்ளே விடுவது), எச்டிஆர் (இருட்டையும் வெளிச்சத்தையும் சமன்செய்வது), நிறத்தைத் தூக்கிக் காட்டும் வேலை எல்லாம் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக நடக்கும். ஆகவே ஒரு படத்தின் எண்ணை இன்னொரு படத்தின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது. நீங்கள் குறித்து வைத்த கார்டு எண்களை அழித்துவிடுங்கள்.

கார்டும் டியூபும் ஒரே படத்தில் இருக்க வேண்டும். பின்னால் வெள்ளைத்தாள், படத்தில் பாதிக்கு மேல் அந்தத் தாளே தெரியட்டும். கேமரா ஆப்பில் எல்லாவற்றையும் நாமே அமைக்கும் புரோ மோடு இருந்தால் வொயிட் பேலன்ஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டிவிடுங்கள். ஃபில்டர், ஃபிளாஷ் இரண்டும் வேண்டாம். ஃபிளாஷ் போட்டால் கண்ணாடியில் வெள்ளைக் கோடு விழும், ஆப்பில் அதைத் தொட்டால் எண் எங்கோ போய்விடும். தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் எடுங்கள். செடி வளர்க்கும் விளக்குகள் பலவற்றில் சிவப்பும் நீலமும் தூக்கலாக இருக்கும், நிறம் பார்க்க அது உதவாது. போனைக் கொஞ்சம் தள்ளி வைத்து ஜூம் செய்தால் உங்கள் நிழலும் விழாது.

எண் எடுக்கும்போது டியூபின் நடுப்பகுதியில் ஒரு சின்னச் சதுரத்தின் சராசரியை எடுங்கள். ஓரங்களும், மேலே தண்ணீர் வளைந்து நிற்கும் இடமும் எப்போதும் கருப்பாகத்தான் இருக்கும்.

குட்டித்தொட்டி

நிறைய வித்தியாசம்! இப்போது பகலில் எப்போது எடுத்தாலும் எண் பெரிதாக ஆடுவதில்லை. ஆனால் புதுக் குழப்பம்: டியூபின் எண் கார்டில் எந்தக் கட்டத்தோடும் ஒட்டவில்லை. சிவப்பு 20-உடன் ஒத்துப்போனால் பச்சை 40-உடன் போகிறது, நீலம் எதோடும் சேரவில்லை.

சொட்டுக்கணக்கு

சேராது. கார்டில் இருப்பது அச்சு மை, டியூபில் இருப்பது சாயம் கரைந்த தண்ணீர். மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும்படி கார்டைத் தயாரித்திருக்கிறார்கள். கேமரா சென்சாரின் நிற வடிகட்டிகள் நம் கண் போல வேலை செய்வதில்லை. கண்ணுக்குப் பொருந்தும் இரண்டு நிறங்கள் கேமராவுக்குப் பொருந்தாமல் போகலாம், விளக்கு மாறினால் கண்ணுக்கே பொருந்தாமல் போகும். வொயிட் பேலன்ஸை எவ்வளவு பூட்டினாலும் இது தீராது.

எனவே கார்டை விட்டுவிட்டு, அளவு தெரிந்த தண்ணீரை நீங்களே கலந்து அதே டியூபில் அதே சொட்டு விட்டு ஒப்பிடுங்கள். செடித் தொட்டிக்காரர்கள் உரமாகப் போடும் பொட்டாசியம் நைட்ரேட் போதும். 1.63 கிராம் எடுத்து, டிஸ்டில்டு வாட்டர் சேர்த்து மொத்தம் 1 லிட்டர் ஆக்கினால் அது 1000 பிபிஎம் நைட்ரேட். அதில் 10 மில்லியை எடுத்து மறுபடி 1 லிட்டர் ஆக்கினால் 10 பிபிஎம், 20 மில்லிக்கு 20, 40 மில்லிக்கு 40. தராசு 0.01 கிராம் காட்ட வேண்டும், சமையலறைத் தராசு சரிவராது. உங்கள் கிட் நைட்ரேட்டைக் காட்டுகிறதா, நைட்ரேட்-நைட்ரஜனை (நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனின் எடையை மட்டும்) காட்டுகிறதா என்றும் பாருங்கள். பின்னது 1 என்றால் முன்னது 4.43.

இனி உங்களுக்குச் சாதகமான விஷயம். நிறத்தின் பெயரே தேவையில்லை. நைட்ரேட் கூடக்கூட அந்தச் சாயம் பச்சை ஒளியை அதிகமாக விழுங்கும். ஆர்ஜிபியில் பச்சை எண்ணை மட்டும் பாருங்கள். வெறும் டிஸ்டில்டு வாட்டர், 10, 20, 40, தொட்டித் தண்ணீர் என ஐந்து டியூப்கள். எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் சொட்டு, ஒரே காத்திருப்பு, ஏனென்றால் நிறம் போகப்போக ஏறும். பிறகு ஒரே படம். கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தால் தொட்டியின் அளவு தானாகத் தெரியும்.

படம் எடுத்ததும் டியூப்களை இடம் மாற்றி இன்னொன்று எடுங்கள். ஒரே டியூப் இடம் மாறியதும் எண் மாறினால் வெளிச்சம் சமமாக இல்லை என்று பொருள்.

சோதனை முடிந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். அமிலம் இருக்கும். சொல்லாமல் விட்டால் யாராவது ஊற்றுகிறார்கள்.

ஒளிப்பெட்டி

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். "பச்சை எண் பாதியானால் ஒளியும் பாதி" என்று கணக்குப் போட வேண்டாம். சாதாரணப் படத்தில் 255-க்கு 128 என்பது உண்மையில் 22 சதவீத ஒளிதான். கோடு வளைந்து வரும், வளைவாகவே வரையுங்கள். கணக்காக வேண்டுமென்றால் ரா படம் (போன் திருத்தாத, சென்சார் தந்தபடியே உள்ள படம்) எடுக்க வேண்டும், உங்கள் தேவைக்கு அது அதிகப்படி.

குட்டித்தொட்டி

சொட்டுக்கணக்கு சார், செய்து பார்த்தேன். பச்சை எண் வெறும் தண்ணீரிலிருந்து 40 வரை வரிசையாக இறங்குகிறது. தொட்டி 20-க்கும் 40-க்கும் நடுவே, 20-க்குக் கிட்டே. 40-க்கு மேலே போனால் எப்படிப் பார்ப்பது? அம்மோனியாவுக்கும் இதே வழியா?

சொட்டுக்கணக்கு

40-க்கு மேலே வளைவு படுத்துவிடும், நல்ல கண் உள்ளவர்களுக்கும் அங்கே தடுமாற்றம்தான். தொட்டித் தண்ணீர் ஒரு பங்கு, டிஸ்டில்டு வாட்டர் மூன்று பங்கு கலந்து பாருங்கள். வந்த விடையை நான்கால் பெருக்குங்கள்.

அம்மோனியாவில் மஞ்சள் பச்சையாகப் போகும்போது இறங்குவது சிவப்பு எண். நமக்கு அங்கே தெரிய வேண்டியது "இருக்கிறதா, இல்லையா" என்பதுதான். டிஸ்டில்டு வாட்டர் டியூபையும் தொட்டி டியூபையும் ஒரே படத்தில் வையுங்கள். இரண்டிலும் சிவப்பு எண் ஒன்றாக இருந்தால் பூஜ்யம். தொட்டியில் தெளிவாகக் குறைந்திருந்தால் அம்மோனியா இருக்கிறது. "0.25 போல இருக்கு" என்று பலர் பதறுவது வெளிச்சத்தால் வந்த பச்சையைப் பார்த்துத்தான்.

அம்மோனியா இருந்தால் பிஎச்சையும் (தண்ணீரின் அமில-காரத் தன்மை) சேர்த்துப் பாருங்கள். 25 டிகிரியில், பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் அரை சதவீதம் அளவுதான். பிஎச் 8-இல் அது 5 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

கப்பிராசா

இடையில புகுந்து கேக்கறேன். என்கிட்ட இருக்கறது ஸ்ட்ரிப், தண்ணியில முக்கி எடுத்து நிறம் பார்க்கற பட்டை. அதையும் இப்படிப் பார்க்கலாமா?

நீர்ப்பாசி

ஸ்ட்ரிப்புல ஈரம் பளபளக்கும், ஒரு கட்டத்துச் சாயம் பக்கத்துக் கட்டத்துக்கு ஓடும், நேரம் கொஞ்சம் தவறினாலும் நிறம் மாறிடும். ஆப்போட சேர்த்தே விக்கற ஸ்ட்ரிப் இருக்கு. அதுகூட நிறக் கட்டம் போட்ட அட்டை ஒண்ணு தருவாங்க, ஸ்ட்ரிப்பை அதுமேல வெச்சுப் படம் எடுக்கணும். ஒளிப்பெட்டி சொன்ன அதே "ஒரே படம்" வேலையைத்தான் அந்த அட்டை செய்யுது. அட்டை இல்லாத சாதா ஸ்ட்ரிப்னா, தண்ணியை உதறிட்டு, சொன்ன நேரத்துல கண்ணாலயே பாருங்க, கப்பிராசா.