ஆற்றுக்கு எந்தப் பக்கம்?

2017இல் சிங்கப்பூரில் எங்கள் தெம்பனிஸ் வீட்டில் உம்மாவைப் பார்த்துக்கொண்ட பணிப்பெண்ணுக்குச் சொந்த ஊர் தெற்குப் பிலிப்பீன்ஸில் உள்ள மராவி நகரம். அங்குள்ள மரானாவ் இனத்து முஸ்லிம். கூடவே நோன்பு வைக்க ஒரு பிள்ளை கிடைத்ததில் உம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்த வருடம் நோன்பு தொடங்க நான்கு நாள் இருந்தது. மே 23 அன்று ஐஎஸ் ஆதரவு ஆயுதக் குழுத் தலைவன் இஸ்னிலோன் ஹாப்பிலோனைப் பிடிக்க ராணுவம் மராவிக்குப் போக, அவனுடைய ஆட்களும் அவனோடு சேர்ந்திருந்த இன்னொரு ஆயுதக் குழுவான மாவுத்தே சகோதரர்களின் ஆட்களும் நகரத்துக்குள் இறங்கிவிட்டார்கள். பணிப்பெண்ணின் அம்மா மறுநாள் பக்கத்து நகரமான இலிகானுக்குப் போகும் சாலையில் கூட்டத்தோடு நடந்தது வரை தகவல் வந்தது. அப்புறம் போனே இல்லை. நோன்பு வைக்குமுன் சாப்பிடும் சஹருக்கு நாங்கள் எழும்போது அவர் கைப்பேசியைப் பார்த்தபடி சமையலறையில் உட்கார்ந்திருப்பார்.

"ஒரு மாதத்தில் முடிந்துவிடும்" என்று ஆறுதல் சொன்னேன். தலையாட்டி மறுத்தார். அங்கே குடும்பப் பகை தலைமுறை தாண்டியும் தொடருமாம், 'ரிடோ' என்கிறார்கள். அதற்குப் பயந்தே வசதியுள்ளவர்கள் தடித்த கான்கிரீட் சுவரும் நிலவறையுமாக வீடு கட்டுவார்களாம். துப்பாக்கிக்காரர்கள் பதுங்கியது அந்த வீடுகளில்தான். விமானம் குண்டு போட்டும் சண்டை 5 மாதம் இழுத்தது.

அவரிடம் தெரிந்துகொண்ட இன்னொன்று, மராவியை அகுஸ் ஆறு பிரிக்கிறது என்பது. யாருடைய பெயரைக் கேட்டாலும் முதலில் ஆற்றுக்கு எந்தப் பக்கம் என்றுதான் விசாரிப்பார். மேற்குப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. கிழக்கே, பாங்கோலோ கடைத்தெருவில் அவர் அண்ணனுக்குத் தையல் கடை. செய்தியில் மேலிருந்து எடுத்த படம் வந்தபோது திரையில் விரலை வைத்து மசூதியிலிருந்து மூன்றாவது தெரு என்று எண்ணினார். கூரை எதுவும் இல்லை. உம்மா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஜூன் 25, நோன்புப் பெருநாள். அங்கே ராணுவம் 8 மணி நேரம் சண்டையை நிறுத்தியது. மதியம் போன் வந்தது. அம்மா இலிகானில் உறவினர் வீட்டில் இருந்தார். இவர் பேசவே இல்லை, அழுதார். உம்மாவுக்கு அந்த மொழி ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் போனை வாங்கி "உங்க பிள்ளை நல்லா இருக்கு" என்று தமிழிலேயே சொன்னார்.

அக்டோபர் 23இல் சண்டை ஓய்ந்தது. மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊரைவிட்டு ஓடியிருந்தார்கள். கிழக்குக் கரைக்காரர்களைப் பல வருடம் வீடு திரும்ப விடவில்லை. இழப்பீட்டுச் சட்டமே 2022இல்தான் வந்தது. போன பெருநாளைக்கும் வாழ்த்து அனுப்பியிருந்தார். அண்ணன் இன்னும் இலிகானில் வாடகைக் கடையில்தான் தைக்கிறாராம்.