பெண்கள் புட்போல் கோச்சா இருந்து பிழைக்க ஏலுமா? அன்சன் டொரன்ஸ் பற்றித் தெரிஞ்ச ஆக்கள் வாங்கோ

உவர்மலைப்_பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். நான் கம்பஸ் முடிச்சிட்டு இப்ப ஒரு ஸ்கூல்ல பொம்பிளப் பிள்ளையளின்ட புட்போல் ரீமுக்கு உதவியா நிக்கிறன், சம்பளம் கிம்பளம் ஒண்டும் இல்ல, பழைய மாணவி எண்டு சேர் கூப்பிட்டவர் அவ்வளவுதான். அமெரிக்காவில நோர்த் கரோலினா யூனிவர்சிட்டி பொம்பிளையள் ரீமுக்கு அன்சன் டொரன்ஸ் எண்டு ஒரு கோச் 1979ல இருந்து 2024 வரைக்கும் இருந்திருக்கிறார், 21 தரம் என்சிஏஏ (அமெரிக்கக் கொலிஜ் விளையாட்டுச் சங்கம்) சம்பியன். ஒரே ஆள் ஒரே ரீமோட இவ்வளவு காலம் எப்பிடி? அதில ஏதும் எங்கட பக்கத்துக்குச் சரிவருமா, இல்லாட்டி காசு இருக்கிற நாட்டுக் கதையா? வீட்ட அம்மா வேற கவர்மென்ட் வேலைக்கு அப்ளிகேசன் போடு எண்டு நிக்கிறா.

நிலாவெளி_பத்து:
தங்கச்சி அந்தாள் பிறந்ததே பம்பாயில தெரியுமா, தகப்பன் ஒயில் கம்பனி வேலை, அதால கென்யா, எத்தியோப்பியா, சிங்கப்பூர் எண்டு சுத்தி வளந்தவர். லோ கொலிஜ் படிச்சுக்கொண்டிருக்கேக்கதான் அதே யூனிவர்சிட்டி ஆம்பிளையள் ரீமுக்கு கோச் ஆனவர், 1977 அது. லோயர் படிப்ப முடிக்கவே இல்ல. உங்கட அம்மாட்ட இத மட்டும் சொல்லிப்போடாதீங்கோ 😄

காசு கதை எண்டு கேட்டீங்கள், பாதி ஓம். 1972ல அங்க டைட்டில் நைன் எண்டு ஒரு சட்டம் வந்தது, அரசாங்கக் காசு வாங்கிற கொலிஜ் எதுவும் படிப்பிலயும் விளையாட்டிலயும் பொம்பிளப் பிள்ளையள ஒதுக்கேலாது எண்டு, அதுக்குப் பிறகுதான் ஒவ்வொரு இடமா பொம்பிளையள் ரீம் துவங்கினவை. இவர் 1979ல துவங்கேக்க போட்டிக்கு வேற ரீமே குறைவு. என்சிஏஏ பெண்களுக்குக் கப் வச்சது 1982ல, முதல் மூண்டு வருசமும் இவையள்தான், 1985 பைனல்ல தோத்து பிறகு 1986ல இருந்து 1994 வரைக்கும் விடாம ஒன்பது கப். இடையில 103 மட்ச் தோக்கவே இல்ல. 1991 முதலாவது பெண்கள் உலகக் கிண்ணம் சீனாவில நடக்கேக்க அமெரிக்க ரீமுக்கும் இவர்தான் கோச், பைனல்ல நோர்வேயை 2-1. அந்த ரீமில விளையாடின மியா ஹாம், கிறிஸ்டின் லில்லி ரெண்டு பேரும் இவரின்ட கொலிஜ் பிள்ளையள். முந்தி வந்தவனுக்குப் பந்தி எண்டது அரைவாசி, மற்ற அரைவாசி அவர் பிறக்டிசில செய்த வேலை.

பழைய_கோல்கீப்பர்:
அந்தப் பிறக்டிஸ் கதையைத்தான் நான் சொல்ல வந்தன். அவர் அதே யூனிவர்சிட்டி பாஸ்கட்போல் கோச் டீன் ஸ்மித்தின்ட பிறக்டிசைப் போய்ப் பாத்தவர், அங்க ஒவ்வொரு எறியையும் பக்கத்தில நிண்டு எழுதிக்கொண்டிருப்பாங்களாம். அதைக் கொண்டுவந்து புட்போல்ல போட்டார். ஒண்டுக்கு ஒண்டு வெட்டிப் போறது, ஹெடிங், கோலுக்கு அடிக்கிறது, ஓட்டம், எல்லாத்திலயும் ஆர் வெண்டது ஆர் தோத்தது எண்டு எழுதி, ஆர் எத்தினையாம் இடம் எண்டு எல்லாரும் பாக்கிற மாதிரி ஒட்டிவிடுவார். பிள்ளையள் கூட்டாளிமாரோட பிறக்டிசிலயே உண்மையா மோதிப் பழகினவை, மட்ச் அவையளுக்கு லேசாப் போச்சு.

இதுக்கு டொலர் தேவையில்ல பிள்ளை. 80 பக்க சீஆர் கொப்பி ஒண்டு, நாலு கோன், காயப்பட்டு இருக்கிற பிள்ளையிட்ட பேனையைக் குடுங்கோ. எங்கட கிறவுண்டில பின்னேரம் மான் கூட்டம் கோல் போஸ்டுக்கு முன்னால படுத்திருக்கும், அத எழுப்பிக் கலைச்சுப்போட்டுத்தான் விளையாடினனாங்கள், அதுக்குள்ள டியூசன் எண்டு பாதி ரீம் கிளம்பீரும். இருக்கிற நேரத்தில வரிசையில நிக்கவிட்டு ஒவ்வொரு ஆளா பந்து தட்ட விடாதீங்கோ, ரெண்டு ரெண்டு பேரா மோதவிடுங்கோ.

சம்பூர்_அக்கா:
ஒட்டிவிடுறதுதான் எனக்குப் பிடிக்கேல்ல அண்ணா. பதிமூண்டு வயசுப் பிள்ளை கடைசிப் பேராத் தொங்கினா அடுத்த கிழமை வரமாட்டா, இஞ்ச அனுப்பிற அம்மாமாரே குறைவு, வெயில்ல கறுத்துப்போவாள் எண்டு நிப்பாட்டுற ஆக்கள்.

பழைய_கோல்கீப்பர்:
டியூசன்ல மார்க்ஸ் ஒட்டினா ஒருத்தரும் கதைக்கிறேல்ல, கிறவுண்டில ஒட்டினா மட்டும் பிள்ளை உடைஞ்சிருமோ? சரி, சின்னாக்களுக்கு எண்டா போன கிழமையவிட எவ்வளவு கூடிச்சு எண்டத மட்டும் அவட்டயே காட்டுங்கோ. எழுதாம மட்டும் விடாதீங்கோ.

கிண்ணியா_வாசகி:
எல்லாரும் டொரன்ஸைப் புகழ்றீங்கள், மற்றப் பக்கத்தையும் சொல்லோணும். 1998ல பழைய விளையாட்டுக்காரிகள் ரெண்டு பேர் அவருக்கு எதிரா வழக்குப் போட்டவை, பிள்ளையளின்ட அந்தரங்க விசயங்களைக் கதைச்சவர் எண்டு. தான் தொல்லை குடுக்கேல்ல எண்டுதான் அவர் சொன்னவர், ஆனா 2008ல யூனிவர்சிட்டி அதில ஒருத்திக்கு 385,000 டொலர் குடுத்து முடிச்சது, அப்பிடிக் கதைச்சதுக்கு அவர் மன்னிப்புக் கடிதமும் எழுதினவர். கோச்சுக்கும் பிள்ளையளுக்கும் இடையில கோடு எங்க எண்டு தெரியாம 21 கப்பைப் பற்றி மட்டும் கதைச்சு வேலையில்ல. இதுக்குத்தான் பொம்பிளக் கோச்மார் வேணும் எண்டுறது.

தங்கச்சி நீங்கள் ஜில் எல்லிஸைப் பாருங்கோ. இங்கிலாந்தில பிறந்தவ, அங்க சின்னனில பிள்ளையளுக்கு ரீமே இல்ல, 1981ல குடும்பத்தோட அமெரிக்கா போனாப் பிறகுதான் ஒழுங்கா விளையாடினவ. கம்பனி ஒண்டில எழுத்து வேலை, நல்ல சம்பளம், அத விட்டிட்டு கொலிஜ் ரீமுக்கு உதவிக் கோச்சாப் போனவ. 1999ல இருந்து 2010 வரைக்கும் யூசிஎல்ஏ யூனிவர்சிட்டி ரீமுக்குக் கோச், பிறகு அமெரிக்க ரீமோட 2015, 2019 ரெண்டு உலகக் கிண்ணம். உங்கள மாதிரி உதவியா நிண்டுதான் துவங்கினவ. பிறகு எங்கட பக்கப் பிள்ளையள் தலைய மூடுற ஸ்காபோட விளையாட ஏலாது எண்டு ஆரும் சொன்னா, ஃபிஃபா 2014லயே அனுமதிச்சிட்டுது எண்டு சொல்லுங்கோ.

உவர்மலைப்_பிள்ளை:
நன்றி அக்கா, ஜில் எல்லிஸ் தெரியாது எனக்கு. கொப்பி வாங்கியாச்சு 😀 கோச்சிங் லைசன்ஸ் பற்றி ஆருக்கும் தெரியுமா?

நிலாவெளி_பத்து:
ஏஎஃப்சி (ஆசிய புட்போல் சங்கம்) லைசன்ஸ் டி, சி, பி, ஏ எண்டு படிப்படியாத்தான் போகோணும், கோர்ஸ் எப்ப எண்டு லீக் ஒபிசில விசாரிச்சுப் பேரக் குடுத்து வையுங்கோ. அப்ளிகேசனையும் போடுங்கோ, உடற்கல்வி டீச்சரா எடுபட்டா கோச்சிங்கும் சம்பளமும் ஒரே இடத்தில, அம்மாவும் சும்மா இருப்பா. ஐப்பசி மழை துவங்கினா கிறவுண்ட் குளமாப் போயிரும், அதுக்கு முதல் ஒரு பிரண்ட்லி மட்ச் வையுங்கோ, எங்கட நிலாவெளிப் பிள்ளையளக் கூட்டிக்கொண்டு வாறன்.