இழை: ‘சென்டர் ஹாஃப்’, ‘ஆஃப்சைடு டிராப்’ – வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

பொன்னி எழுதியது:

அன்பின் குழுவினருக்கு,

பள்ளி நூலகங்களுக்கான விளையாட்டுக் கையேட்டில், லண்டனின் ஆர்சனல் கால்பந்துக் கழகத்தில் ஆடிய டோனி ஆடம்ஸுக்கு ஒரு பக்கம். 180 சொல். வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது. படிப்பவர்கள் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்.

தரவு இவ்வளவுதான்: 1966இல் லண்டனை ஒட்டிய ராம்ஃபோர்டில் பிறப்பு. 1983 நவம்பரில், 17 வயதில், ஆர்சனலுக்கு முதல் ஆட்டம். 1988 ஜனவரி 1இல், 21 வயதில், அணித்தலைவர். 2002இல் ஓய்வு பெறும்வரை வேறு கழகத்துக்கு ஆடவில்லை. 669 ஆட்டங்கள். லீக் பட்டம் நான்கு முறை: 1989, 1991, 1998, 2002. இங்கிலாந்துக்கு 66 ஆட்டங்கள். (நாட்டுக்காக ஆடும் ஒவ்வோர் ஆட்டத்தையும் ஆங்கிலத்தில் ‘கேப்’ என்பார்கள். முதல் வரைவில் ‘66 தொப்பிகள் பெற்றார்’ என்று இருந்தது. அதை நானே அடித்துவிட்டேன்.)

தமிழ்ச் சொல் கிடைக்காமல் சிக்கும் இடங்கள்: சென்டர் ஹாஃப், ஆஃப்சைடு டிராப், ஓன் கோல், டெஸ்டிமோனியல் ஆட்டம். சென்டர் ஹாஃபுக்கு ‘நடு அரை’ என்று வரைவில் இருக்கிறது. இடுப்புவலித் தைலத்தின் பெயர் மாதிரி ஒலிக்கிறது. உதவுங்கள்.

கூடற்கிழார் எழுதியது:

அம்மா, தேடுவதற்கு வெளியே போக வேண்டியதில்லை. படையின் முன்னணிக்குத் தார், பின்னணிக்குக் கூழை. புறநானூறு 88இல் ஔவை இரண்டையும் சேர்த்தே சொல்கிறாள்: ‘கூழை தார் கொண்டு’. முன்கள ஆட்டக்காரர் தாரர், பின்கள ஆட்டக்காரர் கூழையர், நடுவில் நிற்பவர் நடுக்கூழையர். ஈராயிரம் ஆண்டுப் பழைய சொல் கையிருப்பில் இருக்க ‘அரை’யும் ‘கால்’உம் எதற்கு?

யாழ்வாடை எழுதியது:

வணக்கம் ஐயா. கூழை என்றதும் பிள்ளைகளுக்கு நினைவு வருவது கூழைக்கும்பிடுதான். 14 வருடம் தலைவராக இருந்த மனிதரைக் கூழையர் என்றால் குனிந்து நின்றவர் என்று நினைப்பார்கள்.

எங்கள் இலங்கைப் பக்கம் உதைபந்தாட்டச் செய்திகளில் ‘பின்கள வீரர்’ என்பது நிலைத்துவிட்டது. அதையே எடுத்தால் என்ன?

கூடற்கிழார் எழுதியது:

கூழைக்கும்பிடு பிற்கால வழக்கு. கூழை என்றால் குறைந்தது, வால் அற்றது. கூழைக்கடா என்ற நீர்ப்பறவையைப் பாருங்கள், வால் குட்டை. யாப்பில் முதல் மூன்று சீரில் மோனை வந்து நாலாம் சீரில் வராவிட்டால் கூழை மோனை, அதாவது வால் இல்லாத மோனை. படையின் வால்பகுதிக்கும் இதே சொல் எப்படி வந்தது என்பது சுவையான கேள்வி. கூந்தலுக்கும் கூழை என்று பெயர் உண்டு என்பதைச் சேர்த்துப் பார்த்தால்...

பொன்னி எழுதியது:

ஐயா, வெள்ளிக்கிழமை.

பந்தடி எழுதியது:

சொல்லைத் தேடுமுன் அந்த ‘ஹாஃப்’ எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். ஆங்கிலப் பெயரே தப்பான பெயர்.

பழைய அமைப்பு 2-3-5. பின்னால் இருவர், ஃபுல் பேக். அவர்களுக்கு முன்னால் மூவர், ஹாஃப் பேக். அந்த மூவரில் நடுவில் நிற்பவர் சென்டர் ஹாஃப். இன்றைய பேச்சில் அவர் நடுக்கள ஆட்டக்காரர், தடுப்பவரே இல்லை.

1925இல் ஆஃப்சைடு சட்டம் மாறியது. அதுவரை தாக்குபவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும், அதன்பின் இருவர் போதும். கோல்கள் கொட்டின. அந்த ஆண்டுதான் ஹெர்பர்ட் சாப்மன் ஆர்சனலுக்கு மேலாளராக வந்திருந்தார். அக்டோபர் 3 அன்று நியூகாசிலில் ஆர்சனல் 0–7 என்று தோற்றது. அந்தத் தோல்விக்குப் பிறகு சென்டர் ஹாஃபைப் பின்னுக்கு இழுத்து இரு ஃபுல் பேக்குகளுக்கு நடுவே நிறுத்தினார்கள். ஆள் இடம் மாறினார், பெயர் மாறவில்லை. அறுபது ஆண்டு கழித்து அதே கழகத்தில் அதே இடத்துக்கு வந்தவர்தான் ஆடம்ஸ். அவர் போட்ட 6ஆம் எண்ணும் பழைய கணக்கில் இடப்பக்க ஹாஃபுடையது.

ஆகவே ‘அரை’யை மொழிபெயர்ப்பது ஆங்கிலேயர் துடைக்க மறந்த தூசியை மொழிபெயர்ப்பது. ஃபுல் பேக்கும் அப்படித்தான். ‘முழுப்பின்’ என்று எழுதினால், அணியிலேயே அதிகம் முன்னேறி ஓடும் ஆளுக்கு அந்தப் பெயர் போய்விடும்.

நம் ஊர் மைதானத்தில் ‘ஸ்டாப்பர்’ என்பார்கள். செய்யும் வேலையைச் சொல்லும் பெயர்.

ஆய்தன் எழுதியது:

ஸ்டாப்பர் என்றால் தடுப்பர். வேலை முடிந்தது. ஆனால் கோல்கீப்பரும் தடுக்கிறார், ஃபுல் பேக்கும் தடுக்கிறார். எந்தத் தடுப்பர்?

‘நடுத் தடுப்பாளர்’ என்று யாரும் எழுதுமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். நடுக்களம் என்பது முன்னுக்கும் பின்னுக்கும் நடு. சென்டர் என்பது இடத்துக்கும் வலத்துக்கும் நடு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இரு சொல், நாம் இரண்டுக்கும் ‘நடு’வையே போடுகிறோம். ‘நடுத் தடுப்பாளர்’ என்று படிக்கும் பிள்ளை அவரை நடுக்களத்தில் கொண்டுபோய் நிறுத்தும், 1925க்கு முன்பு நின்ற அதே இடத்தில்.

ஒரு வரையறை வைத்துக்கொள்வோம். நீளவாட்டில் முன்களம், இடைக்களம், பின்களம். அகலவாட்டில் இடம், மையம், வலம். இரண்டையும் கலக்கக் கூடாது. அப்படியானால் இவர் பின்கள மையர். அதே அணியின் லீ டிக்சன் பின்கள வலர், நைஜல் வின்டர்பர்ன் பின்கள இடர்.

பொன்னி எழுதியது:

வரையறை அருமை. ‘இடர்’ வேண்டாம். இடர்ப்பாடு.

கூடற்கிழார் எழுதியது:

‘மையம்’ மத்தியத்திலிருந்து வந்தது என்று யாராவது கிளம்புவதற்கு முன்: என் வரையில் அது தமிழே.

கூழை வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். நொச்சி இருக்கிறது. புறத்திணைகளில் மதில் காப்பது நொச்சி. நொச்சியார் என்ற ஒரே சொல்லில் பின்களம் முழுவதும் அடங்கும். மையத்தில் நிற்பவர் நொச்சித் தலைவன்.

ஆய்தன் எழுதியது:

தொல்காப்பியத்தில் நொச்சி தனித்திணை இல்லை, மதிலைக் காப்பதும் வளைப்பதும் உழிஞைத் திணைக்குள்ளேயே அடக்கம். தனியாகப் பிரித்தது புறப்பொருள் வெண்பாமாலை. அதோடு இன்றைய பிள்ளைக்கு நொச்சி என்றால் ஆவி பிடிக்கும் இலை.

யாழ்வாடை எழுதியது:

காவலர் என்றால் என்ன? மையக் காவலர்.

பந்தடி எழுதியது:

தமிழ்நாட்டில் காவலர் என்றால் போலீஸ். வேடிக்கை என்னவென்றால், சாப்மனின் அணியில் அந்த இடத்தில் வேரூன்றிய ஹெர்பி ராபர்ட்ஸுக்குப் பட்டப்பெயரே ‘போலீஸ்காரர்’தான். எதிரணி சென்டர் ஃபார்வர்டை விட்டு நகரமாட்டார். பொருத்தம் உண்டு, ஆனால் கையேட்டில் ‘ஆர்சனலின் மையக் காவலர்’ என்று வந்தால் மைதானப் பாதுகாப்புக்கு நின்றவர் என்று படிப்பார்கள்.

இன்னொரு சோதனை. 1989 மே 26, லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் லீக் பருவத்தின் கடைசி ஆட்டம். பட்டம் வாங்க லிவர்பூலை இரண்டு கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும், 2–0 என்று வென்றார்கள். அன்று மையத்தில் ஒருவரோ இருவரோ இல்லை, மூவர்: ஓ’லியரி, ஆடம்ஸ், போல்ட். நாம் வைக்கும் பெயர் ‘மையத் தடுப்பாளர் மூவர்’ என்று சொல்ல இடம் தர வேண்டும். ‘நொச்சித் தலைவன் மூவர்’ என்றால் அணிக்கு மூன்று தலைவர்.

பொன்னி எழுதியது:

இப்போதைக்கு ‘மையத் தடுப்பாளர்’. அடுத்தது ஆஃப்சைடு டிராப். ஆடம்ஸைப் பற்றி எழுதிவிட்டு அதை விட முடியாது. ஆனால் அது என்னவென்றே எனக்குத் தெளிவாக இல்லை.

பந்தடி எழுதியது:

முதலில் சட்டம். எதிரணிப் பாதியில் நிற்கும் தாக்குபவர், பந்தையும் கடைசிக்கு முந்தைய எதிராளியையும் விடக் கோல் கோட்டுக்கு அருகே இருந்தால் அது ஆஃப்சைடு நிலை. கடைசி ஆள் பெரும்பாலும் கோல்கீப்பர், ஆகவே நடைமுறையில் கடைசித் தடுப்பாளரைப் பார்த்தால் போதும். தலை, உடல், கால் கணக்கில் வரும், கை வராது. தன் அணியாள் பந்தைத் தொடும் கணமே கணக்கு, பந்து வந்து சேரும் கணம் அல்ல. நிலையில் நிற்பது மட்டும் குற்றமில்லை, நின்றபடி ஆட்டத்தில் பங்கெடுத்தால்தான் குற்றம். த்ரோ இன், கோல் கிக், கார்னர் கிக் மூன்றிலிருந்தும் நேரே வாங்கினால் ஆஃப்சைடு கிடையாது.

இப்போது பொறி. எதிரணியில் பந்து வைத்திருப்பவரை நம் இடைக்கள ஆள் நெருக்குகிறார். அவர் தலை குனிந்து காலை ஓங்கும் கணத்தில் பின்வரிசை நால்வரும் ஒரே நேரத்தில் முன்னே ஏறுகிறார்கள். இரண்டு மூன்று எட்டு போதும். பந்து புறப்படும்போது எதிரணி முன்களத்தார் தனியே பின்னால் விடப்பட்டிருப்பார். கொடி உயரும், இன்டைரக்ட் ஃப்ரீ கிக்.

எங்கே கெடும்? நெருக்க ஆள் இல்லாவிட்டால் பந்து வைத்திருப்பவர் அவசரப்படமாட்டார். நால்வரும் ஏறி முடிக்கும்வரை காத்திருந்து, பின்னாலிருந்து ஓடிவரும் இன்னொருவருக்குக் கொடுப்பார், அல்லது தானே பந்தோடு புகுந்துவிடுவார். நால்வரில் ஒருவர் பின்தங்கினால் கோடே செல்லாது. பெரும்பாலும் அது பந்துக்கு எதிர்ப்பக்க ஃபுல் பேக், தன் ஓரத்து ஆளையே பார்த்துக்கொண்டு கோட்டை மறந்திருப்பார். கோல்கீப்பர் தன் கோட்டிலேயே ஒட்டி நின்றால் பின்னால் விழும் காலியிடத்துக்கு யாருமில்லை. ஆடம்ஸ் கை தூக்குவது எல்லோர் நினைவிலும் உண்டு. அது லைன்ஸ்மேனுக்கான முறையீடு மட்டுமே. கையைத் தூக்கிவிட்டு ஓட்டத்தை நிறுத்தியவர் கொடி வராவிட்டால் கெட்டார்.

டிக்சன், போல்ட், ஆடம்ஸ், வின்டர்பர்ன் நால்வரையும் அப்போதைய ஆர்சனல் மேலாளர் ஜார்ஜ் கிரஹாம் கயிறு பிடிக்க வைத்து இடைவெளி பழக்கினார் என்பது ஊரறிந்த கதை. 1990இல் சட்டம் தாக்குபவர் பக்கம் சாய்ந்தது. அதுவரை சமமாக நின்றாலே ஆஃப்சைடு, அதன்பின் இல்லை. அப்படியும் 1990–91 பருவத்தில் 38 லீக் ஆட்டங்களில் ஆர்சனல் வாங்கியது 18 கோல், தோற்றது ஒரே ஆட்டம்.

ஆய்தன் எழுதியது:

ஆஃப்சைடுக்கு ‘முந்துநிலை’. வினைத்தொகை, மூன்று காலமும் அடங்கும், நிலையையும் குற்றத்தையும் பிரிக்கலாம்: முந்துநிலை, முந்துநிலைக் குற்றம். டிராப்புக்கு, நால்வரும் ஏறும் கோடு என்பதால் ‘ஏறுவரி’.

பொன்னி எழுதியது:

ஏறுவரி என்றால் பட்ஜெட் செய்தி.

யாழ்வாடை எழுதியது:

முந்துநிலை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நாளைக்குத் தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்கும் பிள்ளை ‘ஓஃப்சைட்’ என்றுதான் கேட்கும். புத்தகத்தில் மட்டும் உயிரோடிருக்கும் சொல்லை இந்த ஒரு பக்கத்துக்காகப் படிக்க வைக்கலாமா?

டிராப்புக்குக் கண்ணி வேண்டாம். எங்கள் பிள்ளைகளுக்குக் கண்ணி என்றால் வெடிதான்.

கூடற்கிழார் எழுதியது:

இப்படிச் சொல்லிச் சொல்லியே ஒரு சொல்லும் வேர்விடாமல் போனது. தொலைக்காட்சி சொல்லட்டும் என்று நாமும், புத்தகம் சொல்லட்டும் என்று தொலைக்காட்சியும் காத்திருந்தால் எப்போது விடியும்? முந்துநிலைப் பொறி. எலிப்பொறி தெரிந்த பிள்ளைக்கு இது புரியும்.

பந்தடி எழுதியது:

பொறி சரி. வலை வைத்தால் கோல்வலையோடு மோதும். ஓன் கோலுக்கு எதற்கு விவாதம்? நம் ஊரில் ‘சேம் சைடு கோல்’ அரசியல் மேடைவரை போய்விட்டது.

ஆய்தன் எழுதியது:

அதற்குப் பெயர் தமிழா?

பந்தடி எழுதியது:

ஆங்கிலமும் இல்லை. ஆங்கிலேயருக்கு அது ‘ஓன் கோல்’. சேம் சைடு நம் தெருவில் பிறந்தது, நம் பிள்ளை. ‘தன் கோல்’ என்று எழுதிப் பாருங்கள். 1989 ஏப்ரலில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் 1–1. இரண்டு கோலும் ஆடம்ஸுடையவை, ஒன்று எதிரணி வலையில், ஒன்று தன் அணி வலையில். ‘ஆடம்ஸ் தன் கோலை அடித்தார்’ என்றால் எதை? மறுநாள் ஒரு நாளிதழ் அவர் படத்துக்குக் கழுதைக்காது வைத்தது. அது எந்தக் கோலுக்கு என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

கையேட்டுக்கு ஒரு குறிப்பு: கோலுக்குள் போகவிருந்த பந்து தடுப்பாளர் மேல் பட்டுத் திசை மாறினால் வழக்கமாக அது அடித்தவர் கணக்கு. வெளியே போகவிருந்ததை உள்ளே தள்ளினால்தான் சேம் சைடு.

யாழ்வாடை எழுதியது:

டெஸ்டிமோனியல்: ‘நற்சான்று ஆட்டம்’ என்றால் சான்றிதழ் வாங்கப் போனது போலாகும். நெடுநாள் ஆடியவருக்காகக் கழகம் நடத்தும் ஆட்டம். வழக்கப்படி வசூல் அவருக்கு. ஆடம்ஸுக்கு 2002 மேயில் ஸ்காட்லாந்தின் செல்டிக் கழகத்துடன் நடந்தது.

பந்தடி எழுதியது:

மொய் ஆட்டம்!

கூடற்கிழார் எழுதியது:

மொய்யைத் திருப்பிச் செய்ய வேண்டும் ஐயா. பேராவூரணிப் பக்கம் நோட்டுப் போட்டு எழுதி வைப்பார்கள். செல்டிக் அணித்தலைவர் வீட்டு விசேஷத்துக்கு ஆடம்ஸ் போக வேண்டிவரும்.

பொன்னி எழுதியது:

‘பாராட்டு ஆட்டம்’ என்று போடுகிறேன். 1996இல் ஆடம்ஸ் தன் குடிப்பழக்கத்தை வெளிப்படையாகச் சொன்ன பகுதியில் ‘குடிகாரர்’ என்று இருந்ததைக் ‘குடிநோயாளர்’ என்று மாற்றிவிட்டேன். 2000இல் விளையாட்டு வீரர்களுக்கென ஸ்போர்ட்டிங் சான்ஸ் சிகிச்சை நிலையத்தை நிறுவியவரைப் பற்றிய பக்கம் அது, இதில் விவாதம் வேண்டாம்.

இறுதி: மையத் தடுப்பாளர் (முதல் இடத்தில் மட்டும் ‘சென்டர் ஹாஃப் எனப்படும்’ என்ற முன்னொட்டோடு), ஆஃப்சைடு பொறி, சேம் சைடு கோல், பாராட்டு ஆட்டம். முந்துநிலை பின்னிணைப்புக்குப் போகிறது. பக்கம் 211 சொல் ஆகிவிட்டது, சாப்மன் கதையை வெட்டுகிறேன்.

கூடற்கிழார் எழுதியது:

பாதி ஆங்கிலம், பாதி பொறி. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். நொச்சியை ஒருவரும் மறுக்கவில்லை, ஆவி பிடிக்கத்தான் அனுப்பினீர்கள்.

ஆய்தன் எழுதியது:

‘மையத் தடுப்பாளர்’ ஒற்றுச் சரி. ‘ஆஃப்சைடு பொறி’யில் பிறமொழிச் சொல்லுக்குப் பின் வலி மிகாது என்பார் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. ‘ஆஃப்சைடுப் பொறி’. அச்சுக்குப் போகுமுன் திருத்திவிடவும்.

பொன்னி எழுதியது:

போய்விட்டது.