புதுப்பிப்பு: காலியாக வந்த ஃபைல், காரணம் சிக்கியது

போன வாரம் புலம்பியிருந்தேனே, ஃபோல்டரில் உள்ள ஜேசன் (JSON) ஃபைல்களைப் படித்து ஒரே ஃபைலாக எழுத வேண்டிய நோட் (Node.js) ஸ்கிரிப்ட், எர்ரரே காட்டாமல் காலி அரேயை, அதாவது வெறும் பட்டியலை, எழுதிவிட்டுப் போகிறது என்று. பிடித்துவிட்டேன்.

குற்றவாளி ஃபார்ஈச் (forEach), பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபங்ஷனை ஓட்டும் லூப். உள்ளே அசிங்க் (async) ஃபங்ஷன், அதில் ‘இது முடியும்வரை காத்திரு’ என்று சொல்லும் அவெய்ட் (await), எல்லாம் போட்டிருந்ததால் காத்திருக்கும் என்று நம்பிவிட்டேன். ஆனால் அந்த ஃபங்ஷன் திருப்பித் தரும் ப்ராமிஸை, அதாவது ‘முடிந்ததும் சொல்கிறேன்’ என்ற வாக்கை, ஃபார்ஈச் கண்டுகொள்வதே இல்லை. ஒரு ஃபைல்கூட வந்து சேர்வதற்குள் கீழே இருக்கும் எழுதும் வரிக்குப் போய்விடுகிறது. லூப்புக்குக் கீழே அரேயின் நீளத்தை கன்சோலில் போட்டுப் பார்த்தேன்: 0. லூப்புக்குள் அவெய்ட்டுக்குப் பின்னால் போட்டது அதற்கப்புறம்தான் 1, 2, 3 என்று வந்தது. அங்கேதான் பொறி தட்டியது. நடுவில் 2 நொடி தாமதிக்க செட்டைம்அவுட் (setTimeout) வைத்து ‘சரியாகிவிட்டது’ என்று எழுதினேனே, அதை மறந்துவிடுங்கள்.

ஃபார்ஈச்சுக்குப் பதில் ப்ராமிஸ்களைத் திரட்டித் தரும் மேப் (map) போட்டு, எல்லாம் முடியும்வரை காத்திருக்கும் ப்ராமிஸ் ஆலுக்கு (Promise.all) அவெய்ட் கொடுத்ததும் சரியானது. ஆனால் சில ஆயிரம் ஃபைல் உள்ள ஃபோல்டரில் ஓட்டினால் ஈஎம்ஃபைல் எர்ரர்: ஒரே நேரத்தில் திறந்த ஃபைல்கள் வரம்பைத் தாண்டிவிட்டன. இப்போது ஐம்பது ஐம்பதாகப் பிரித்து ஓட்டுகிறேன்.

ஃபார் ஆஃப் (for...of) லூப் போதுமே என்று சொன்னவருக்கு: அதுவும் வேலை செய்கிறது. ஒவ்வொன்றாகப் படிப்பதால் கொஞ்சம் மெதுவாக இருக்கிறது, அவ்வளவுதான்.