உதவி: திருகோணமலை உப்புவெளியில போஞ்சி இலை கருகுது, மிளகாய் நுனி சுருளுது. பசளை போட்டும் சரிவரேல்லை

உப்புவெளி_வளவு
அண்ணாமார், அக்காமார், ஒருக்கா பாத்துச் சொல்லுங்கோ. வளவு கடற்கரையில இருந்து 200 மீற்றர் வரும், முழுக்க மணல். கே.ஏ.-2 மிளகாய் 24 கண்டு, கத்தரி 8, போஞ்சி ஒரு வரி, கறிவேப்பிலை ஒண்டு. புதினாவும் மல்லியும் தும்புத்தூள் நிரப்பின சாடியில.

போஞ்சி இலை ஓரம் கபில நிறமாகி நொறுங்குது. அடி இலையில தொடங்கி மேல ஏறுது. புதினா தண்டு தண்டாச் சாகுது. மல்லி முளைச்சு மூண்டு நாலு கிழமையிலயே பூக்குது. மிளகாய் நுனி சுருளுது. கறிவேப்பிலை மஞ்சளிச்சுப் போச்சு. பசளை காணாதாக்கும் எண்டு யூரியா கண்டுக்கு ஒரு கைப்பிடி படி ரெண்டு தரம் போட்டாச்சு, அதுக்குப் பிறகு இன்னும் மோசம். தண்ணி கிணத்துத் தண்ணிதான். காலமை 10 மணிக்கு மோட்டரைப் போட்டு ஹோஸால மேலால அடிக்கிறது. என்ன குறை?

சாம்பல்தீவு_கிணத்தடி
முதல்ல யூரியாவை நிப்பாட்டுங்கோ. ஒரு கைப்பிடி எண்டா 30 கிராமுக்குக் குறையாது. ஒரு மிளகாய்க் கண்டுக்கு ஒரு தடவையில மட்டமா ஒரு தேக்கரண்டி காணும், அதுவும் தண்டுக்கு 4 அங்குலம் தள்ளி.

ஓரம் கருகிறது அடி இலையில தொடங்குதெண்டா அது பசியில்லை, உப்பு. வேர் தண்ணியோட உப்பையும் இழுக்குது. தண்ணி இலையால ஆவியாப் போகும், உப்பு இலை ஓரத்தில தங்கி நிக்கும். அதிக நாள் இருந்த இலையில கூடச் சேரும், அதாலதான் அடியில தொடங்குது. யூரியாவும் கரைஞ்சா ஒரு உப்பு மாதிரித்தான் வேரில நிண்டு தண்ணியை இழுக்க விடாது. அதான் போட்டதுக்குப் பிறகு மோசமானது.

சாடி விளிம்பில வெள்ளையாப் படிஞ்சிருக்கா பாருங்கோ. தண்ணியை நாக்கில வைச்சுப் பாத்து முடிவெடுக்க வேண்டாம், நாக்குக்கு உப்புத் தெரியிறதுக்கு முதலே போஞ்சிக்குத் தெரிஞ்சிடும். பேனை மாதிரி ஒரு மின்கடத்துத்திறன் மீற்றர் கடையில வாங்கலாம். காலமை முதல் வாளியை ஒருக்கா அளவுங்கோ, மோட்டர் அரை மணித்தியாலம் ஓடினாப் பிறகு இன்னொருக்கா. மைக்ரோ சீமன் கணக்கில எழுதுங்கோ, எண் கூடினா உப்பும் கூட எண்டு அர்த்தம். பிபிஎம் காட்டுற மீற்றர் எண்டா அதையும் சொல்லுங்கோ, அந்தக் கணக்கு வேற.

மிளகாய்ச் சுருட்டை வேற வருத்தமா இருக்கலாம். இலை மேல் நோக்கி வள்ளம் மாதிரிக் குவியுதா, கீழ் நோக்கிக் கவிழுதா?

உப்புவெளி_வளவு
சாடி விளிம்பில வெள்ளை இருக்கு. முதல் வாளி 1900, அரை மணித்தியாலத்துக்குப் பிறகு 2800. குழாய்த் தண்ணி 300 காட்டுது. மிளகாய் இலை கீழ் நோக்கிக் கவிழுது, ஒடுங்கி நீண்டிருக்கு, அடிப்பக்கம் கபில நிற மினுக்கம். இலைக்காம்பும் வழமையை விட நீளம்.

சாம்பல்தீவு_கிணத்தடி
விசயம் விளங்கிட்டு. தண்ணி 700க்குக் கீழ எண்டா எந்தப் பயிருக்கும் யோசனையில்லை. 700க்கும் 3000க்கும் இடையில பயிரைப் பாத்துத்தான் ஊத்த வேணும். போஞ்சி 700லயே விளைச்சல் குறையத் தொடங்கும், 2400ல பாதி போயிடும். மிளகாய் 1000 வரை குறையாமல் தரும், பாதியாகிறது 3400ல. தக்காளி 1700 வரை பரவாயில்லை. உங்கட வளவில போஞ்சி கருகி, மிளகாயில ஓரம் கருகாமல் நிக்கிறதுக்குக் காரணம் இதுதான். போஞ்சியைப் பிடுங்கிப் போட்டு பயற்றங்காய் போடுங்கோ. அது 3000 தாண்டினாலும் தாங்கும். ரெண்டையும் அவரைச் சாதி எண்டு ஒண்டாப் பாக்கிறதுதான் பிழை. பீற்றூட்டும் தாங்கும், ஆனா முளைக்கிற நேரம் மட்டும் குழாய்த் தண்ணி குடுங்கோ.

1900 எப்பிடி 2800 ஆச்சுது எண்டதுதான் பெரிய விசயம். கடலோர மணலில நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி 1 அடி நிண்டா, கீழ ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல தண்ணி இருக்கும் எண்டது கணக்கு. திருப்பிப் பாருங்கோ. ஒரேயடியா இறைச்சு மேல் மட்டத்தை இறக்கினா, கீழ இருக்கிற உப்பு அதைப் போல பல மடங்கு மேல ஏறப் பாக்கும். ஆடி மாசம் கிணறு வத்தின நேரம் இது இன்னும் கெதியா நடக்கும்.

உறிஞ்சு பைப் நுனியில இருக்கிற புட் வால்வ் கிணத்தின்ர அடியில கிடக்குமெண்டா தூக்குங்கோ. வளையிற உறிஞ்சு பைப் போட்டு, மூடி இறுக்கின வெறும் 5 லீற்றர் கான் ஒண்டில கட்டி மிதக்க விடுங்கோ. வால்வ் தண்ணி மட்டத்துக்கு ஒண்டரை அடி கீழ தொங்க வேணும். அதுக்கு மேல வந்தா காத்து இழுத்து மோட்டர் சூடாகிப் பழுதாப் போகும். காலமை 10 நிமிசம், பின்னேரம் 10 நிமிசம் எண்டு பிரிச்சு இறையுங்கோ.

முதல் வாளித் தண்ணியும் குழாய்த் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்தா 1100 வரும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் அது போதும். மேலால அடிக்கவே வேண்டாம், வெயிலில காயிற துளி இலையில உப்பை விட்டுட்டுப் போகும். விடியக்காலமை அடியில ஊத்துங்கோ.

கிண்ணியா_மேட்டுநிலம்
சாடிக் கதையை ஒருத்தரும் தொடல்ல. தும்புத்தூள் எங்க வாங்கினீங்க? களப்பில ஊறப் போட்ட தேங்காய்ப் பொச்சில இருந்து வந்த தூளெண்டா உப்பு அதுக்குள்ளேயே இருக்கும், நல்ல தண்ணி ஊத்தினாலும் புதினா சாகும். ஒரு பங்கு தூள், ரெண்டு பங்கு குழாய்த் தண்ணி, ஒரு ராவு ஊற வைச்சுப் பிழிஞ்சு கொட்டுங்க. இப்பிடி மூணு தரம். கடைசியாப் பிழிஞ்ச தண்ணியை மீற்றரில பாருங்க, 500க்குக் கீழ வந்தாத்தான் சாடிக்குப் போடணும். பிறகு மூணு பங்கு தூளுக்கு ஒரு பங்கு மக்கின கூட்டெரு சேருங்க. கோழி எரு வேணாம், அதுவும் உப்புக் கூட.

இப்ப இருக்கிற சாடியைக் காப்பாத்தணுமெண்டா, 10 லீற்றர் சாடிக்கு 25 லீற்றர் குழாய்த் தண்ணி. ஒரேயடியா ஊத்தாம மூணாப் பிரிச்சு, 20 நிமிசம் விட்டு விட்டு ஊத்துங்க. அடியில ஓட்டை திறந்திருக்கணும், கீழ தட்டு வைச்சிருந்தா எடுத்துடுங்க, இல்லாட்டி கழுவின உப்பையே திரும்பக் குடிக்கும்.

புதினாவில இன்னும் பச்சை நுனி இருந்தா 4 அங்குலம் வெட்டி, அடி இலையைக் கிள்ளிட்டு, தண்ணிப் போத்தலில நிழலில வைங்க. 7–10 நாளில வேர் விடும். அதைப் புதுச் சாடியில நட்டு, காலை வெயில் மட்டும் படுற இடத்தில வைங்க. மல்லி பூக்கிறது உப்பால மட்டுமில்ல, சூடு. கச்சான் காத்து அடிக்கிற காலத்தில மல்லிக்கு மெனக்கெட வேணாம். கார்த்திகை, மார்கழியில விதையை ரெண்டா உடைச்சு, அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைஞ்ச ஆழத்தில போடுங்க.

தம்பலகாமம்_நாத்துமேடை
மிளகாய் வேற வருத்தமெண்டது சரி. மேல் நோக்கிக் குவிஞ்சு வெள்ளிக் கோடு விழுந்தா அது பனிப்பூச்சி. கீழ் நோக்கிக் கவிழ்ந்து, ஒடுங்கி, காம்பு நீண்டா அது சிற்றுண்ணி, மஞ்சள் உண்ணி எண்டும் சொல்லுவினம். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, 10 மடங்கு வில்லை வேணும். யூரியா கூடப் போட்டுக் குருத்து மெத்தெண்டு வந்தா இதுக்குக் கொண்டாட்டம்.

சுருண்ட நுனியை 2–3 அங்குலத்துக்கு நறுக்கி பொலித்தீன் பையில போட்டுக் கட்டி எறியுங்கோ, வளவில உதற வேண்டாம். பிறகு வேப்பம்விதைக் கரைசல். இப்ப வேப்பம்பழம் கொட்டுற காலம், கடைக்குப் போகத் தேவையில்லை. காய்ஞ்ச பருப்பு 50 கிராம் இடிச்சு, ஒரு லீற்றர் தண்ணியில ஒரு ராவு ஊற விட்டு, துணியில வடிச்சு, சவர்க்காரம் கொஞ்சம் கரைச்சுக் கலந்து பின்னேரம் அடியுங்கோ. இலையின்ர அடிப்பக்கம் நனைய வேணும், மேல அடிச்சா வேலையில்லை. 5 நாளைக்கு ஒருக்கா மூண்டு தரம். ஊற வைச்ச கரைசலை மறுநாளைக்கு வைச்சிருக்க வேண்டாம்.

பாலையூத்து_22
கந்தகத் தூளும் வேப்பெண்ணெயும் சேர்த்து அடிச்சா உடன நிக்குமே?

தம்பலகாமம்_நாத்துமேடை
கண்டும் சேர்ந்து நிண்டிடும். நனையும் கந்தகம் உண்ணிக்கு நல்ல மருந்துதான், லீற்றருக்கு 2 கிராம். ஆனா எண்ணெயோட சேர்ந்தா இலை எரியும், ரெண்டுக்கும் நடுவில ரெண்டு கிழமை இடைவெளி வேணும். 32 பாகைக்கு மேல சூடெண்டா தனியவே எரிக்கும். இந்தக் கச்சானுக்குத் திருகோணமலையில அந்தளவுக்குக் குளிர்ந்த பகல் எங்க கிடைக்கும்? வேணுமெண்டா ஒரு கண்டில மட்டும் பொழுதுபட அடிச்சு ரெண்டு நாள் பாருங்கோ.

சாம்பல்தீவு_கிணத்தடி
கறிவேப்பிலை மிச்சம். மஞ்சள் எந்த இலையில? புது இலையில நரம்பு பச்சையா நிண்டு இடையில மஞ்சளெண்டா இரும்புச்சத்துக் குறை. மணலில சிப்பித் துண்டு கூட இருந்தா இரும்பு இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. கைப்பிடி மண்ணில கொஞ்சம் வினாகிரி ஊத்துங்கோ, நுரைச்சா அதுதான்.

உப்புவெளி_வளவு
புது இலைதான், நரம்பு பச்சை. வினாகிரிக்கு நல்லா நுரைச்சுது. இன்னொண்டு, உப்புக்கு ஜிப்சம் போடச் சொல்லி ஒரு ஆள் சொன்னவர், போடலாமா? உயரமாப் பாத்தி கட்டினா உப்பு இறங்குமா?

சாம்பல்தீவு_கிணத்தடி
இரும்புச் சல்பேற்று 3 கிராம், அரைத் தேசிக்காய்ப் புளி, ஒரு லீற்றர் தண்ணி. பின்னேரம் புது இலையில தெளியுங்கோ, 10 நாளைக்கு ஒருக்கா. கலந்த உடன அடிக்க வேணும், துருநிறமா மாறினா கொட்டிடுங்கோ. சுண்ணாம்பும் சாம்பலும் அந்த மரத்தடிக்குப் போகக் கூடாது.

ஜிப்சம் சோடியம் ஏறி இறுகின களிமண்ணுக்கு. உங்கட மணலில தண்ணி தானே இறங்குது, காசு வீண். மணலில உப்பைக் கழுவ நல்ல தண்ணி மட்டும்தான் மருந்து. ஒரு சதுர மீற்றருக்கு 150 லீற்றர் விட்டா மேல் ஒரு அடி மண்ணில பாதி உப்புப் போகும், 300 விட்டா ஐஞ்சில நாலு பங்கு. குழாய்த் தண்ணியில அவ்வளவு செய்ய ஏலாது. மாரி மழை சும்மா செய்யும், அதுவரைக்கும் மிளகாயையும் கத்தரியையும் கலந்த தண்ணியில தாக்குப்பிடிக்க வையுங்கோ.

உயரப் பாத்தி இப்ப வேண்டாம். தண்ணி காயக் காய உப்பு உச்சிக்குத்தான் ஏறும், கண்டு நிக்கிறதும் உச்சியில. இப்ப தட்டையா, ரெண்டு அங்குலம் பள்ளமா வைச்சு, 3 அங்குலத்துக்குச் சருகோ கிடுகுத் துண்டோ மூடுங்கோ. ஐப்பசி மழை தொடங்கினாப் பிறகு உயர்த்துங்கோ, அப்ப தண்ணி தேங்கிறதுதான் பிரச்சினை.

கிண்ணியா_மேட்டுநிலம்
மாரியில வாடைக் காத்து கடலில இருந்து அடிக்கும், 200 மீற்றருக்கு உப்புத் தூறல் இலையில படும். கிழக்குப் பக்கம் இப்பவே முருங்கைத் தடி நட்டு நிழல்வலையும் கட்டி வைங்க. வலைக்கு அடியில ஒரு சாண் திறந்து விடுங்க, முழுக்க மூடினா காத்து வலையோட கம்பையும் பிடுங்கிடும்.

உப்புவெளி_வளவு
வால்வைத் தூக்கிக் கட்டியாச்சு. 10 நிமிசம் இறைச்சாப் பிறகு 1950 காட்டுது. போஞ்சியைப் பிடுங்கிட்டன், பயற்றங்காய் விதை நாளைக்கு. கவிழ்ந்த இலை நுனியெல்லாம் நறுக்கினதில 24ல 5 மிளகாயில குருத்தே மிச்சமில்லை. அதுகளை விடுறதா, பிடுங்கிறதா?

தம்பலகாமம்_நாத்துமேடை
தண்டு பச்சையெண்டா விடுங்கோ, கணுவில இருந்து பக்கக் குருத்து வரும். ரெண்டு கிழமை பாருங்கோ. வாற குருத்தும் கவிழ்ந்துதெண்டா அந்த ஐஞ்சையும் மட்டும் பிடுங்குங்கோ.