டெனரீஃப்: பை மாட்டிய சைக்கிளில் டெய்டே ஏற எந்தச் சாலை?

மெதுமிதி:
வணக்கம். நவம்பர் நடுவில் ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் ஐந்து நாள். டெய்டே எரிமலை இருக்கும் தேசியப் பூங்காவைக் குறுக்காகக் கடக்கணும், ஏறின வழியிலேயே இறங்க விருப்பமில்லை. ஆள் 75 கிலோ, சைக்கிள் 12, பைகளும் தண்ணீரும் சேர்த்து 18. முன்னால் 46/30 பல், பின்னால் 11-34 பல், 700x38 டயர், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். வந்து இறங்குவது தெற்கு விமான நிலையம்.

எந்தப் பக்கம் ஏறலாம்? இந்தக் கியர் போதுமா? மேலே கூடாரம் போட இடம் உண்டா?

தார்ரோடு:
கூடாரத்தை முதலில் முடித்துவிடுவோம்: பூங்காவுக்குள் கூடாரம் போடத் தடை. உள்ளே தங்க வேண்டுமென்றால் பரடோர் ஓட்டல்தான், விலை உறைக்கும்.

வரைபடத்தில் நாலு சாலை தெரிந்தாலும் வாசல் இரண்டுதான். வடகிழக்கே எல் போர்ட்டியோ, தென்மேற்கே போக்கா டௌசே. இரண்டுமே 2,050 மீட்டர் வாக்கில். லா ஒரோடாவாவிலிருந்து வரும் டிஎஃப்-21, லா லகுனாவிலிருந்து வரும் டிஎஃப்-24 இரண்டும் எல் போர்ட்டியோவில் சேரும். விலாஃப்ளோர் பக்கத்து டிஎஃப்-21, சீயோவிலிருந்து வரும் டிஎஃப்-38 இரண்டும் போக்கா டௌசேயில். நடுவே இருபது கிலோமீட்டர் சொச்சம், பழைய எரிமலை இடிந்து உண்டான பள்ளத்துக்குள்ளேயே ஓடும் சாலை.

உங்கள் சுமைக்குத் தெற்கே ஏறி டிஎஃப்-24 வழியாக இறங்குவதுதான் சரி. முக்கியக் காரணம் விலாஃப்ளோர். 1,400 மீட்டரில் கடை, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் உள்ள ஊர். ஏற்றத்தை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளலாம். வடக்குச் சாலையில் அப்படி வசதியான இடத்தில் ஊர் இல்லை.

முதல் நாள்: சான் இசித்ரோ, கிரானடில்லா, விலாஃப்ளோர். தூரம் குறைவு, ஆனால் ஏற்றம் 1,350 மீட்டர் இருக்கும். கைபேசி வரைபடம் காட்டும் குறுக்குத் தெருக்களை நம்பாதீர்கள். தூரத்தில் ஒரு கிலோமீட்டர் மிச்சம் பிடித்து 15 சதவீதச் சரிவில் தள்ளிக்கொண்டு போகவைக்கும். டிஎஃப்-1, டிஎஃப்-5 நெடுஞ்சாலைகளில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை.

இரண்டாம் நாள் காலை எட்டுக்குள் கிளம்பிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் வாடகைக் கார்களும் சுற்றுலாப் பேருந்துகளும் வரிசை கட்டும். ஊரைத் தாண்டியதும் சாலையோரம் பீனோ கோர்டோ, 45 மீட்டர் உயரக் கேனரி பைன் மரம். போக்கா டௌசே தாண்டியதும் வலது பக்கம் வெட்டுமுகத்தில் பாறை பச்சையும் நீலமுமாக இருக்கும். சூடான எரிமலை நீர் கனிமங்களை மாற்றியதால் வந்த நிறம். இந்தப் பகுதியில்தான் உகான்கா சமவெளி. தட்டையாகத் தெரிந்தாலும் எதிர்க்காற்று இருந்தால் 12 கி.மீ. வேகம்கூட வராது.

எல் போர்ட்டியோ வந்ததும் ஏற்றம் முடிந்தது என்று பலர் தண்ணீரைக் காலி செய்துவிடுவார்கள். முடியவில்லை. டிஎஃப்-24 இஸானா வானாய்வகத்தை ஒட்டி 2,300 மீட்டர் வரை திரும்ப ஏறும். அதற்கு அப்புறம்தான் லா லகுனா வரை 35 கிலோமீட்டர் இறக்கம். வழியில் லா தார்த்தா என்ற இடத்தில் சாம்பல், நுரைக்கல், பசால்ட் அடுக்குகள் கேக் வெட்டியதுபோல வெள்ளையும் கறுப்பும் சிவப்புமாகத் தெரியும். அன்றைக்கு மொத்தம் 80 கி.மீ.

முப்பதுபல்:
கியர் கணக்கு. 700x38 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.18 மீட்டர். 30/34-இல் (முன்னால் 30 பல், பின்னால் 34) நிமிடத்துக்கு 60 மிதி என்றால் மணிக்கு 6.9 கி.மீ. மொத்த எடை 105 கிலோ. 6 சதவீத ஏற்றத்தில் இதற்கு 130 வாட்ஸ் வேண்டும். அது பரவாயில்லை. 10 சதவீதத் துண்டு வந்தால் அதே மிதிக்கு 210 வாட்ஸ். பத்து நிமிடம் தாங்கும், நாலு மணி நேரத்துக்குப் பிறகு தாங்காது. மேலே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேசட்டை (பின் பல்சக்கர அடுக்கை) 11-40 ஆக்கினால் 10 சதவீதத்தில் 180 வாட்ஸுக்குள் வரும். ஆனால் 34 பல் வரை மட்டுமே தாங்கும் டீரெய்லரில் (பின் கியர் மாற்றியில்) அப்படியே மாட்டினால் அதன் மேல் உருளை பெரிய பல்சக்கரத்தில் இடிக்கும். டீரெய்லரைக் கீழே இறக்கி மாட்ட ஹேங்கர் நீட்டிப்புத் துண்டு வேண்டும். செயின் நீளத்தைப் பெரியது-பெரியது (முன்னும் பின்னும் பெரிய பல்சக்கரம்) சேர்க்கைக்குத்தான் அளக்கணும். அப்போது முன்னால் சின்னப் பல்சக்கரத்தில் இருந்துகொண்டு பின்னால் கடைசி மூணு நாலு சின்னச் சக்கரங்களுக்குப் போனால் செயின் தொங்கும். தொங்கட்டும், அங்கே போகாதீர்கள். செயினைக் குட்டையாக வெட்டிவிட்டுத் தவறுதலாகப் பெரியது-பெரியதுக்குப் போனால்தான் டீரெய்லர் பிய்ந்து வரும்.

சாப்பாடு: 2,000 மீட்டர் ஏற இந்த எடைக்கு 2,200 கிலோகலோரி மிதிக்கே போகும். பசித்த பிறகு தின்னலாம் என்றிருந்தால் தாமதம். தண்ணீர் விலாஃப்ளோரிலேயே மூணு லிட்டர். மேலே பரடோரிலும் எல் போர்ட்டியோவிலும் உணவகம் உண்டு, ஆனால் மூடியிருந்தால் என்ன என்று யோசித்துத்தான் தண்ணீரை நிரப்பணும்.

மெதுமிதி:
மிக்க நன்றி. டிஎஃப்-24 வேண்டாம், வடக்கே லா ஒரோடாவாவுக்கே இறங்கினால் என்ன? தூரம் மிச்சம்தானே?

ஈரத்தார்:
இறங்கலாம், ஆனால் மதியத்துக்கு மேல் வேண்டாம். வடகிழக்குக் காற்று கொண்டுவரும் மேகம் வடக்குச் சரிவில் 1,000 முதல் 1,500 மீட்டர் வரை படுக்கை போட்டுக்கொள்ளும். மேலே வெயிலில் வியர்த்த சட்டையோடு அதற்குள் நுழைந்தால் பத்தே நிமிடத்தில் விரல் மரத்து பிரேக் பிடிக்கக் கஷ்டம். பைன் ஊசி இலைகள் மேகத்து ஈரத்தைப் பிடித்துச் சொட்டவிடும். மழையே பெய்யாத நாளில்கூட மரத்தடித் தார் நனைந்திருக்கும், உதிர்ந்த ஊசிகள் அதன்மேல் வழுக்கும். எல் போர்ட்டியோவிலேயே காற்றுச்சட்டை, முழுவிரல் கையுறை, முன்பின் விளக்கு எல்லாம் போட்டுக்கொண்டு இறங்குங்கள். டிஎஃப்-24-இலும் எஸ்பெரான்சா காட்டில் மேகம் உண்டு. ஊருக்கு வெளியே ஹெல்மெட் கட்டாயம். நவம்பரில் மாலை ஆறு தாண்டியதும் இருட்டு.

பிரேக் பற்றி யாரும் சொல்லவில்லை. 105 கிலோ 2,000 மீட்டர் இறங்கினால் வெளிவரும் ஆற்றல் ஆறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும். பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தால் பெரும்பகுதி டிஸ்க்கில் இறங்கி, பேட் கண்ணாடிபோல் மினுங்கிப் பிடிப்பு போகும். நேர்சாலையில் விட்டுவிட்டு நிமிர்ந்து உட்காருங்கள். 5 சதவீதச் சரிவில் காற்றே உங்களை 50 கி.மீ. அருகில் நிறுத்திவிடும். வளைவுக்கு முன் இரண்டையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, முழுசாக விடுங்கள். லீவர் திடீரென்று கைப்பிடி வரை வந்தால் ஆயில் சூடேறிக் குமிழி விட்டிருக்கிறது. நின்று தானாக ஆறவிடணும். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் வளையும். கிளம்புமுன் பேட்டில் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் மாற்றிவிடுங்கள், ஒரு ஜோடி உபரியும் வேண்டும்.

உயரத்தில் டயர் வெடிக்கும் என்பது கதை. 2,300 மீட்டரில் மூன்றரை பிஎஸ்ஐ மட்டுமே கூடும், அதையும் குளிர் கொஞ்சம் குறைத்துவிடும்.

தார்ரோடு:
ஈரத்தார் சொன்னதோடு ஒன்று: கலிமா. சஹாராவின் தூசியோடு வரும் காற்று. அந்த நாளில் வழக்கம் தலைகீழ், கடற்கரையைவிட மேலே சூடு அதிகமாக இருக்கும், மூச்சுக்கும் நல்லதில்லை. எச்சரிக்கை வந்தால் விலாஃப்ளோரில் ஒரு நாள் கூடுதலாக இருந்துவிடுங்கள்.

மிச்ச மூணு நாளில் லா லகுனாவிலிருந்து வடகரையோரம் கராச்சிகோ, புவெனாவிஸ்டா, மஸ்கா வழியாகச் சாந்தியாகோ டெல் டெய்டே வந்து, டிஎஃப்-82-இல் தெற்கே விமான நிலையப் பக்கம் இறங்கலாம். மஸ்கா சாலை குறுகல், கொண்டை ஊசி வளைவுகள், சரிவும் டெய்டேயைவிடக் கடுமை. 11-40 மாட்டியது அங்கேதான் உதவும். எதிரே பேருந்து வந்தால் மலை ஓரம் ஒதுங்கி நில்லுங்கள், பள்ளத்து ஓரம் வேண்டாம்.