அடுத்த தெருக் கடையா, மனசுக்கு ஒத்த கடையா?

வீடு பிடித்து, வங்கிக் கணக்கு, சிம் கார்டு எல்லாம் முடித்துக் கொஞ்சம் மூச்சு விட்டதும், வெளிநாட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. "பக்கத்துக் கடையில் வாங்கினால் இந்த ஊருக்கு நல்லது என்கிறார்கள். ஆனால் தொழிலாளருக்கு ஒழுங்கான கூலி, மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காத தயாரிப்பு என்று நான் மதிப்பதைப் பார்த்து நடக்கும் நிறுவனம் எங்கோ தொலைவில் இருக்கிறது, இணையத்தில்தான் வாங்க முடியும். எங்கே வாங்குவது?"

வந்த முதல் ஆறு மாதம் இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். நடந்து போகும் தூரத்தில் கிடைப்பதை வாங்குங்கள். அப்போது உங்களுக்குப் பொருளைவிட ஆள் பழக்கம்தான் அதிகம் தேவை. குழாய் ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது, குப்பை எந்தக் கிழமை எடுப்பார்கள் என்பதையெல்லாம் கல்லாவில் நிற்பவர் சொல்வார். எல்லாவற்றையும் பெட்டியில் வரவழைத்தால், ஒரு வருடம் கழித்தும் உங்கள் தெருவில் உங்கள் பெயர் தெரிந்தவர் ஒருவர் இருக்க மாட்டார். கையில் பணம் இறுக்கமாக இருக்கும் காலமும் அதுதான். அப்போது மலிவானதை வாங்கியதற்காக யாரும் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை.

அப்புறம் நிதானமாக யோசிக்கலாம். ஊர்க் கடைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதத்துக்கு ஆதாரம் உண்டு. சிகாகோ நகரின் ஆண்டர்சன்வில் பகுதியில் 2004இல் ஓர் ஆய்வு நடந்தது. உள்ளூர்க்காரர் நடத்தும் பத்துக் கடைகளை, பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் பெரிய சங்கிலிக் கடைகளோடு ஒப்பிட்டார்கள். உள்ளூர்க் கடையில் செலவழித்த 100 டாலரில் 68 டாலர் அந்த நகரத்துக்குள்ளேயே சுற்றியது, சங்கிலிக் கடையில் 43 டாலர்தான். காரணம் எளிது. உள்ளூர் முதலாளி கணக்கு எழுதவும் போர்டு அச்சடிக்கவும் உள்ளூர் ஆளைத்தான் கூப்பிடுவார், லாபத்தையும் அங்கேயே செலவழிப்பார். அதனால் உங்கள் தெருவில் இருப்பதாலேயே ஒரு கடை உள்ளூர்க் கடை ஆகிவிடாது. முதலாளி எங்கே இருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

ஆனால் அந்த ஆய்வு பணம் எங்கே போகிறது என்று மட்டும்தான் சொல்கிறது. பொருள் எங்கிருந்து, யார் உழைப்பில் வந்தது என்று சொல்லவில்லை. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் சவாரில் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்து, கீழ்த்தளத்தில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் வேலைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே தைத்த துணி எத்தனையோ நாடுகளின் கடைத்தெருக்களில் தொங்கியது. வாங்கியவர்களுக்கு அது பக்கத்துக் கடைதான்.

அருகில் இருப்பதும் நியாயமாக நடப்பதும் வேறு வேறு என்று இதிலிருந்துதான் எனக்குப் புரிந்தது. இதோடு நம்மவர்கள் குழப்பிக்கொள்ளும் மூன்றாவது ஒன்றும் உண்டு: "நம்ம ஆள் கடை." நான் வந்த புதிதில் நம் மொழி பேசும் ஒருவரின் கடைக்கே தேடிப் போவேன். தமிழில் வரவேற்பார்கள், மனசு நிறையும். ஒரு நாள் அங்கே சரக்கு அடுக்கிக்கொண்டிருந்த மாணவனிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். குரலைத் தாழ்த்திச் சொன்னான். சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலியில் பாதிதான், அதுவும் ரொக்கமாக, சம்பளச் சீட்டு எதுவும் கிடையாது. விசாவை நினைத்து வாய் திறக்காமல் இருந்தான். குறைந்தபட்சக் கூலி விசா பார்த்து மாறாது என்றும், புகார் செய்ய உதவும் தொழிலாளர் அமைப்புகள் இருக்கின்றன என்றும் சொல்லிவிட்டு வந்தேன். மொழி ஒன்று என்பதால் மதிப்பும் ஒன்று என்று நான் அதற்குப் பிறகு நினைத்ததில்லை. நம்மவர்களே நேர்மையாக நடத்தும் கடைகளும் நிறைய உண்டு, அவர்களுக்குக் கட்டாயம் கை கொடுங்கள்.

சரி, தொலைவில் இருக்கும் நிறுவனத்தை எப்படி நம்புவது? முத்திரையைப் படிக்கப் பழகுங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொன்றைச் சொல்கிறது. ஃபேர்டிரேடு (நியாய வணிகம்) முத்திரை பொருளுக்கானது. அதை விற்கும் நிறுவனம் மற்ற எல்லாவற்றிலும் நியாயமாக நடக்கிறது என்று அது சொல்லவில்லை. பி கார்ப் என்ற சான்று அதற்கு நேர்மாறு, நிறுவனம் முழுவதையும் பார்த்துத் தருவது. தனியாக ஒரு பொருளுக்கு அது சாட்சி இல்லை. துணியில் கோட்ஸ் (இயற்கை முறைத் துணிக்கான உலகத் தரம்) முத்திரையோடு "ஆர்கானிக்" என்றிருந்தால் 95 விழுக்காடாவது இயற்கை முறையில் விளைந்த இழை இருக்க வேண்டும். "ஆர்கானிக் இழை கொண்டது" என்ற தரத்துக்கு 70 போதும். காகிதத்தில், காடுகளைப் பொறுப்பாகப் பராமரிப்பதற்கான எஃப்எஸ்சி என்ற மரக்குறியைப் பார்ப்பீர்கள். கீழே சிறிய எழுத்தில் "மிக்ஸ்" என்றிருந்தால் பல மூலங்களிலிருந்து வந்த கலப்பு, "ரீசைக்கிள்டு" என்றிருந்தால் மறுசுழற்சி செய்தது. முத்திரை எதுவும் இல்லாமல் பச்சை இலைப் படமும் "இயற்கைக்கு நண்பன்" என்ற வரியும் மட்டும் இருந்தால் அதை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை.

பெரிய நிறுவனம் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. பிரிட்டனில் 2015இன் நவீன அடிமைமுறைச் சட்டப்படி ஆண்டு விற்றுவரவு 3.6 கோடி பவுண்டு அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனங்கள், தங்கள் தொழிலிலும் சரக்கு வரும் வழியிலும் கட்டாய உழைப்பைத் தடுக்க என்ன செய்தார்கள் என்று வருடாவருடம் ஓர் அறிக்கை வெளியிட வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2018இன் சட்டப்படி 10 கோடி ஆஸ்திரேலிய டாலர் அல்லது அதற்கு மேல் வருவாய் உள்ளவர்கள் அறிக்கை தர வேண்டும். ஆஸ்திரேலிய அறிக்கைகள் அரசின் இணையப் பதிவேட்டில் பொதுவில் கிடைக்கும், பிரிட்டன் அறிக்கையை அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் தேடுங்கள். நான் அதில் தேடுவது ஒன்றைத்தான்: எந்த நாட்டில், எந்தத் தொழிற்சாலையில், என்ன தவறு கண்டார்கள், என்ன செய்தார்கள் என்று எழுதியிருக்கிறார்களா? பக்கம் பக்கமாக அக்கறையைப் பற்றி மட்டும் எழுதியிருந்தால் அங்கே எனக்கு வேலை இல்லை.

எல்லாப் பொருளுக்கும் இப்படித் துருவிப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. எனக்கு விட்டுக்கொடுக்க முடியாதவை இரண்டு, துணியும் மின்னணுச் சாதனமும். இவற்றுக்குத் தூரம் பார்க்க மாட்டேன், அவசரப்பட மாட்டேன், தேவைகளைச் சேர்த்து வைத்து ஒரே தடவையில் வரவழைப்பேன். மற்றதெல்லாம் நடந்து போகும் தூரத்தில். பழுது பார்ப்பது, செகண்ட் ஹேண்டில் வாங்குவது இரண்டிலும் இந்தத் தராசே தேவைப்படாது, ஊருக்கும் ஆகும் மனசுக்கும் ஆகும்.

ஊரில் உறுப்பினர்களே நடத்தும் கூட்டுறவுக் கடை இருந்தால் சேர்ந்துகொள்ளுங்கள். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேலில் 28 பேர் சேர்ந்து கடை திறந்ததற்குக் கலப்படமில்லாத சரக்கு வேண்டும் என்பதும் ஒரு காரணம். ஆளுக்கு ஓர் ஓட்டு என்று அவர்கள் வைத்த வழக்கம் இன்றைக்கும் உலகம் முழுக்க நடக்கிறது. புதிதாக வந்த நீங்களும் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கலாம்.

கேள்வி கேட்க முடிவதுதான் பக்கத்துக் கடையின் பெரிய பலம் என்று நான் நினைக்கிறேன். எங்கள் தெருவில் எழுதுபொருள் கடை நடத்தும் அம்மாவிடம் ஒரு நோட்டைத் திருப்பிப் பின்னட்டையைக் காட்டி, மறுசுழற்சிக் காகிதத்தில் வராதா என்று கேட்டேன். வராது என்றார். அடுத்த மாதமும் கேட்டேன், சிரித்தார். மூன்றாம் மாதம் போனபோது கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கட்டு இருந்தது, பின்னட்டையில் மரக்குறி, கீழே "ரீசைக்கிள்டு". "உங்களோடு சேர்த்து நான்கு பேர் கேட்டுவிட்டார்கள்" என்று சொல்லி ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.